உண்ணி உதிர்த்த திருநீறு

பால் மாவு டின்னுக்குள் பால் மாவுதான் இருக்கும் என்று யாராவது நம்பினால், அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பால் மாவு வாங்குவதே டின்னுக்காகத்தான் என்பார் அப்பா. ஒரு டின்னில் புளி, ஒரு டின்னில் நெத்திலிக் கருவாடு, இன்னொன்றில் பழைய சாவிகள் (எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது, தூக்கிப்போடவும் விடமாட்டார்கள்). சாமி மேடைக்குக் கீழே இருந்த டின்னில் திருநீறு. என் தாய்மாமா பழனிக்குப் போகிற போதெல்லாம் மூட்டையாக வாங்கி வந்துவிடுவார். மலேசியாவில் திருநீறே கிடைக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

ஆகவே ஐசிங் சீனியை நான் ஒரு பால் மாவு டின்னில் கொட்டி வைத்தது குடும்ப வழக்கப்படிதான். கேக்குக்கா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போதும் கேக் செய்யத் தெரியாது, இப்போதும் தெரியாது. அந்தச் சீனி தேனீக்குப் பூச.

அந்த நாளில் நான் டாக்டர் லிம் என்கிற ஆராய்ச்சியாளரிடம் உதவியாளராக இருந்தேன். ஒப்பந்த வேலை. சுங்கை சிப்புட் போகிற வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம், பாதிக்குமேல் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிப்போனது. மிச்சமிருந்த ரப்பர் மரங்கள் பூக்கும் காலத்தில் மலைத்தேனீக்கள் எங்கிருந்தோ வந்து, கைவிடப்பட்ட தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரே ஓர் அடையைக் கட்டித் தொங்கும். அடை என்றால் கதவு அகலம். பூ முடிந்தால் அடையை அப்படியே விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். டாக்டர் லிம்முக்கு வேண்டியது தேனும் அல்ல, தேனீயும் அல்ல. தேனீயின் மேல் இருக்கும் உண்ணி.

அந்த உண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கல்யாணமே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. செம்மண் நிறம், கடுகில் பாதிகூட இருக்காது, ஆனால் ஓட்டம் மட்டும் கடன்காரனைப் பார்த்தவன் ஓட்டம். தேனீக் குஞ்சுகள் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். வளர்ந்த தேனீயைக் கடிக்க அதன் வாய் போதாது. பெரிய தேனீ மேல் ஏறினால் ஓசிச் சவாரி மட்டும்தான், சாப்பாடு கிடையாது. தேனீக்களோ, குஞ்சுகளெல்லாம் வளர்ந்து இறக்கை முளைத்த பிறகுதான் ஊர் மாறும். வழியில் ஏதாவது கிளையில் தொங்கி இளைப்பாறும்போது அடையும் கட்டாது, முட்டையும் இடாது. சவாரி வந்த உண்ணி சாப்பாடு இல்லாமல் சில நாளிலேயே செத்து உதிரும். போய்ச் சேருகிற இடத்தில் சுத்தமான புதுக் குடித்தனம். புறப்படும் முன் ஒரு கூட்டத்தில் உண்ணி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வலை மூடி போட்ட கண்ணாடிச் சாடியில் ஒரு கை தேனீயைப் பிடித்து, ஐசிங் சீனியைத் தூவி மெதுவாகக் குலுக்கினால் உண்ணிக்குப் பிடி வழுக்கும், கீழே தட்டில் விழும். தேனீக்களை விட்டுவிடலாம். அவை ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, இனிப்புச் சாப்பிட்ட திருப்தியோடு போகும்.

இனி சுதன். ஈப்போவில் மருந்தாளர். இலங்கைத் தமிழர் குடும்பம். நாங்களோ தோட்டத்திலிருந்து ஈப்போ ஓரத்துக் குனோங் ராபாட்டுக்கு வந்த குடும்பம், அப்பா பஸ் ஓட்டியவர். சுதனின் அப்பா காலமானதிலிருந்து அவனும் அவன் அம்மாவும் அப்பாவின் அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். அந்த அக்காவைக் குடும்பம் மொத்தமும் பெரிய மாமி என்று கூப்பிடும். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் வாழைமரம்கூடக் குலை தள்ளாது. எங்கள் காதலுக்கு அவர் சொன்ன பதில், "பெடியன் இன்னும் கொஞ்சம் யோசிக்கட்டும்" என்பது. அப்படியே நாட்கள் போயின. கடைசியில் சுதன் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடியதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சம்மதித்தார். வந்து, நேரில் மரியாதையாக 'வேண்டாம்' என்று சொல்லப்போகிறார் என்பது சுதனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. பாவம், அவர் வடைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தார்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் லிம் தோட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார். தேனீக்கள் கிளம்புகிற ஆட்டம் ஆடத் தொடங்கிவிட்டன, இன்று விட்டால் இல்லை என்றார்.

"எங்க கெளம்பிட்ட? இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பூச்சிய விட முடியாதா?" என்றார் அம்மா.

"இன்னிக்கு விட்டா பறந்திடும்மா."

"மாப்பிள்ளையும் அப்படித்தான்லா!"

ஒன்பது மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். மறக்கக்கூடாது என்று டின்னை முந்தின நாளே கூடத்துச் செருப்பு அலமாரி மேல் வைத்திருந்தேன். அம்மா வீட்டைத் துடைத்தபோது, 'இது இங்கே என்ன செய்யுது' என்று அதைச் சாமி மேடைக்குக் கீழே, அங்கிருந்த டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார் என்பதைப் பின்னால் விசாரணையில் தெரிந்துகொண்டோம். அலமாரி மேல் காணாமல், அரைத்தூக்கத்தில் சாமி மேடைக்குக் கீழிருந்து நான் எடுத்தது ஒரு பால் மாவு டின். அதற்கு மேல் யோசிக்க எனக்கு அன்று மூளை இல்லை. (மற்ற நாளில் இருந்ததா என்று சுதன் கேட்பான். கேட்கட்டும்.)

தோட்டத்தில் ஏணி மேல் நான், கீழே புகை போட்டுக்கொண்டு டாக்டர் லிம். முகத்தில் வலை, கையில் தடித்த உறை. சாடியில் தேனீயைப் பிடித்து, டின்னைத் திறந்து, வலை மூடி வழியாகத் தூவிக் குலுக்கினேன். டாக்டர் லிம் ஏந்திய தட்டில் உண்ணிகள் பொலபொலவென்று விழுந்தன. "அருமை, அருமை!" என்றார் டாக்டர் லிம். பிறகு தட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "வாணி, இந்தச் சீனி ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கு? ஏன் கோயில் வாசம் அடிக்குது?" என்றார்.

நான் சாடியைப் பார்த்தேன். தேனீக்கள் ஒன்றையொன்று நக்கவில்லை. உடம்பெல்லாம் பட்டை பட்டையாகச் சாம்பல் பூசி, சிவபக்தர் கூட்டம் மாதிரி திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தன. முகத்து வலையைத் தூக்கி ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பழனி!

வலையைத் தூக்கினேன் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் அன்றைய இரண்டாவது முட்டாள்தனம். ஒரு தேனீ உள்ளே வந்து இடது கண்ணுக்குக் கீழே கொட்டியது. "ஆயோ!" என்று கையை உதறினேன். டின் கவிழ்ந்தது. தாய்மாமாவின் பக்தி முழுவதும் என் தலையில் கொட்டியது. ஏணியிலிருந்து நான் இறங்கியதை இறங்கியது என்று சொல்லமுடியாது.

கீழே புல்லில் உட்கார்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. திருநீறு இங்கே என்றால், ஐசிங் சீனி எங்கே?

சாமி மேடைத் திருநீற்றுத் தட்டில்; அங்கே மிச்சமிருந்த டின்னிலிருந்துதான் அம்மா அதை நிரப்பியிருப்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் முன்னால் பெரிய மாமி நிற்கப்போகிறார். தினமும் நெற்றி நிறையப் பட்டை போடுகிறவர். சாமி விஷயத்தில் ஒரு தூசு பிசகினாலும் பொறுக்காதவர். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடி வருகிறவருக்கு, நெற்றியில் சீனியைப் பூசிவிடும் குடும்பம்! இதைவிட நல்ல காரணம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

தோட்டத்துக்குள் போனில் லைன் இல்லை. பெரிய ரோட்டுக்கு வந்து அடித்தால் அம்மா எடுக்கவில்லை. அப்பா போனை எப்போதும் மேசையில் வைத்துவிட்டு நடமாடுகிறவர். ஒரு கண் பூரி மாதிரி வீங்கிக்கொண்டே வர, மற்றதால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அழுதேனா என்றால், ஆமாம். மூன்று வருஷக் காதல் ஒரு டின்னால் போகப்போகிறதே என்று வாய்விட்டு அழுதேன்.

வீட்டு வாசலில் செருப்புகள். இரண்டு குடும்பத்துச் செருப்பு அல்ல, கல்யாண மண்டபத்துச் செருப்பு. கேட்டுக்குள் நுழையும் முன்பே பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணி! ஒங்க வீட்டு சாமி எறங்கிட்டாருலா! துண்ணூறு இனிக்குது! நான் வாய்ல போட்டுப் பாத்தேன், மேலெல்லாம் சிலுத்துப் போச்சு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்கிற வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். பெரிய மாமியும் அப்படித்தான் செய்திருக்கிறார். செய்துவிட்டு அசையாமல் நின்றிருக்கிறார். "இனிக்குது" என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற சுதனின் அம்மா தானும் ஒரு சிட்டிகையை வாயில் போட்டு, கண்ணை மூடி, "அக்கா, இது முருகன்ட அருள்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். அம்மா ஓவென்று அழுதுவிட்டார். நாற்காலி இரவல் கொடுக்க வந்த லட்சுமி அக்கா சிட்டிகையோடு தெருவுக்கு ஓடிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டு நம்பரை ஒருமுறை பார்த்துவிட்டு, மோட்டாரில் ஏறி, நாலு நம்பர் லாட்டரி விற்கிற எம்பாட் ஏக்கோர் கடைக்குப் போய்விட்டார். (அந்த நம்பர் இன்றுவரை விழவில்லை.)

உள்ளே நுழைந்தேன். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர், எல்லார் நெற்றியிலும் ஐசிங். நடு நாற்காலியில் பெரிய மாமி, ஓரத்தில் சுதன். என்னைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். தலை முதல் கால்வரை எனக்குத் திருநீறு, ஒரு கண் வீங்கி மூடியிருக்க, மற்றதில் கண்ணீர்.

"பிள்ளை எங்க போய்ட்டு வாறா?" என்றார் பெரிய மாமி. கை தானாகக் கூப்பியிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. பொய்யில் கல்யாணம் நடக்கவேண்டாம், நடக்கிறது நடக்கட்டும் என்று வாயைத் திறந்தேன். "மாமி, அது வந்து... அந்த டின்னு..."

"பிள்ளை, குடிக்கத் தண்ணி கொஞ்சம் தாரும்" என்று எழுந்தார் சுதனின் அம்மா. எழுந்தவர் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நான் சமையலறையில் இருந்தேன். கதவு சாத்தப்பட்டது.

அவரை அதுவரை இரண்டு தடவை பார்த்திருப்பேன். நாத்தனார் பேசும்போது தரையைப் பார்ப்பார், அவ்வளவுதான் தெரியும். பள்ளியில் சமையல் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பது அன்றைக்கு எனக்கு நினைவிலேயே இல்லை.

"ஐசிங் சுகர். சோளமா கலந்தது" என்றார் மெதுவாக. "கொஞ்சம் மலிவுச் சாமான். எங்க வாங்கினனீர்?"

"ஆன்ட்டி, ஒங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன்..."

"ஆயுசு முழுக்கக் கேக் சொல்லிக் குடுத்தனான் பிள்ளை. முருகன் சோளமா கலப்பாரோ?" அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "நான் சொல்லி அக்கா கேக்கமாட்டா. சுதன் சொல்லியும் கேக்கேல்லை. முருகன் சொன்னாத்தான் கேப்பா. அவர் வந்து நிக்கேக்க நான் என்ன, போங்கோ எண்டு சொல்லுறதோ? நீர் ஒண்டும் கதையாதையும். முகத்தையும் கழுவாதையும்."

நான் அப்படியே அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவருடைய பட்டுப்புடவையெல்லாம் பழனி. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "இது என்னெண்டு நடந்தது?" என்று கேட்டார். விக்கிக்கொண்டே தேனீ, உண்ணி, சீனி, டின் எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டவர் ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"பொறும். கூட்டை விட்டுட்டுப் போனா அந்த உண்ணி செத்துப்போமோ?"

"ஆமா. கூடு இல்லாட்டி அதுக்குச் சாப்பாடு இல்ல."

"ஓம்" என்று தலையை ஆட்டினார். கேட்ட தண்ணீரைக் குடிக்காமலே கதவைத் திறந்தார்.

கூடத்துக்குத் திரும்பினோம். நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. குனோங் ராபாட் வெயிலில் ஐசிங் எவ்வளவு நேரம் தாங்கும்? பெரிய மாமியின் மூன்று பட்டையும் உருகி, புருவத்தில் பாகாக இறங்கிக்கொண்டிருந்தன. சுவரோரம் எறும்புகள் ஊர்வலம் கட்டிவிட்டன. அப்பா அதைக் காலால் மறைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"டின்னைப் பற்றி என்னவோ சொல்ல வந்தீர்?" என்று பெரிய மாமி விடாமல் கேட்டார்.

"அந்த டின்ன... நான்தான் வாங்கி நிரப்பி வெச்சேன், மாமி" என்றேன். பொய் இல்லை, பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் என் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு தேனீ வெளியே வந்தது. நான் ஏணியிலிருந்து விழுந்தபோது சாடி திறந்து தப்பிய கூட்டத்தில் ஒன்று. உடம்பில் திருநீறு அப்படியே இருந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேராகப் போய்ப் பெரிய மாமியின் நெற்றியில் உட்கார்ந்தது.

மலைத்தேனீ கொட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு என் கண்ணே சாட்சி. தட்டிவிட எழுந்த சுதனின் கையை நான் பிடித்துக்கொண்டேன். தட்டினால் நிச்சயம் கொட்டும். தட்டாவிட்டால் ஒருவேளை கொட்டாது. முருகா, இதுவரை நீ வரவில்லை, இப்போதாவது வா என்று நிஜமாகவே வேண்டினேன். பெரிய மாமி கண்ணை மூடிக்கொண்டார். தேனீ நிதானமாக, பட்டை பட்டையாக, இடமிருந்து வலம் நக்கியது. தோட்டத்தில் கிடைக்காத இனிப்பு அதற்கு இங்கே கிடைத்துவிட்டது. வயிறு நிறைந்ததும் எழுந்து, ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"திருநீறு பூசின தேனீ" என்றார் பெரிய மாமி, கண்ணைத் திறக்காமலே. "எல்லாரும் பாத்தனீங்கள்தானே? இனி நான் சொல்ல என்ன இருக்கு. நல்ல நாளைப் பாருங்கோ."

அம்மா மறுபடியும் அழுதார். லட்சுமி அக்கா குலவை போட்டார். நான் வீங்கிய கண்ணோடு சுதனைப் பார்த்தேன். அவன் தன் நெற்றியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்தாளர் அல்லவா, ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இருமல் வந்தவன் மாதிரி வெளியே ஓடிப்போனான்.

டாக்டர் லிம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சீனியைவிட இந்தப் பொடியில் உண்ணி நன்றாக உதிர்கிறதே என்று ஆச்சரியப்பட்டு, அன்றைய கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டார். அவருடைய அறிக்கையில் ஒரு மூலையில் 'நறுமணம் சேர்த்த பசுஞ்சாணச் சாம்பல்' என்று இன்றும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்தக் கூட்டம் அடையை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. சாம்பல் பூசிக்கொண்டு ஊரை விட்டுப் போனால் அதற்குப் பெயர் சந்நியாசம் என்றார் அப்பா.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. சுதனுக்கு ஆயர் தாவாரில் வேலை மாற்றம் கிடைத்து, அங்கே ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். குடிபோன சில வாரத்தில், ஒரு மத்தியானம் வாசலில் ஒரு டாக்சி நின்றது. சுதனின் அம்மா இறங்கினார் (இப்போது அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன்). பின்னால் ஒரு துணிப்பெட்டி. அதற்குப் பின்னால், டாக்சிக்காரர் தூக்க முடியாமல் தூக்கிவந்தது கேக் அடுப்பு.

"ஒரு கிழமை நிண்டுட்டுப் போறன்" என்றார்.

ஒரு வாரத்துக்கு யாராவது அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "பிள்ளை, அந்த உண்ணி கூடு இல்லாமல் எவ்வளவு நாள் தாங்கும் எண்டு சொன்னனீர்?"

"சில நாள்தான், அத்தை."

விரல் விட்டு எண்ணினார். "எதுக்கும் ரெண்டு கிழமை நிப்பம்" என்றார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. அடுப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது, அவரும்தான். மத்தியானத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கேக் சொல்லிக்கொடுக்கிறார். உரக்கச் சிரிக்கிறார். தரையைப் பார்த்து அவர் பேசி நான் அதன்பிறகு கண்டதில்லை. எனக்கு ஒரு வீடும் புருஷனும் கிடைத்தது அந்த ஒரு சிட்டிகை நேரத்தில் அவர் எடுத்த முடிவால். தினமும் சாமி கும்பிடும்போது முருகனுக்கு முன்னால் அவருக்குத்தான் நன்றி சொல்கிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் வீட்டில் யார் திருநீறு பூசினாலும் முதலில் நாக்கு, பிறகுதான் நெற்றி. விருந்தாளி யாராவது கிளம்பாமல் தங்கிவிட்டால், "வாணி, கூட்டை மாத்துவமா?" என்று சுதன் என் காதில் கேட்பான்.

பெரிய மாமியும் சும்மா சொல்லக்கூடாது. கூடு காலியானதும் ஆளே இளகிவிட்டார். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து எங்களைப் பார்க்க வருகிறார். அன்றைய இனிப்புத் திருநீற்றை ஒரு வெள்ளிச் சிமிழில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அத்தை அதை நிரப்பிவிடுவார். எடுக்க எடுக்கக் குறையவில்லை என்று பெரிய மாமி கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

போன மாதம் வந்தவர் சமையலறையில் உட்கார்ந்து சிமிழைத் திறந்தார். ஒரு சிட்டிகை நெற்றியில், மிச்சம் வாயில். கொஞ்ச நேரம் சுவைத்துப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"முருகன் இப்ப வனிலாவும் போடுறார்போல" என்றார்.

முகத்தில் சிரிப்பே இல்லை. நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். அத்தை கேக் வெந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில், தலையை அடுப்புக்குள்ளேயே விட்டுக்கொண்டார்.